கிணற்றுத் தண்ணீரும் பச்சைப் போத்தலும்

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அதன் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்தக் காரின் நோய் அங்கேயே எழுதியிருக்கும். ரப்பர் வளையத்தைச் சுற்றிச் செம்மண் குழைத்துப் பூசியது போலத் துரு. ஸ்பிரிங் சுருளுக்குள் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொருக்கு. விரலில் வழுவழுவென்று ஒட்டும் பழுப்புச் சேறு. கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டிச் சவளக்கடை, சொறிக்கல்முனைப் பக்கம் ஓடும் பழைய வேன்களில் இந்த மூன்றும் ஒரே மூடியில் கிடந்தால் எந்த மெக்கானிக்கும் வியப்படையமாட்டார். அவர் கேட்கும் முதல் கேள்வியும், அதற்கு வரும் பதிலும் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

“காக்கா, ரெண்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி குறையுது.”

“என்ன தண்ணி ஊத்துறீங்க தம்பி?”

“நல்ல தண்ணிதான். நாங்க குடிக்கிற கிணத்துத் தண்ணி.”

“அது உங்கட வயித்துக்கு நல்லம் தம்பி. இதுட வயித்துக்குக் கூடாது.”

குடிக்க உகந்த தண்ணீர் ஓர் இரும்புப் பெட்டிக்கு ஆகாதா? ஆகாது என்பதே உண்மை. ரேடியேட்டரில் எதை, எந்த அளவில் ஊற்றுவது என்ற கேள்வியை உலகம் முழுவதும் குளிரை வைத்தே பேசிவந்திருக்கிறார்கள். கடைகளில் விற்கும் பச்சைக் கூலன்ட் போத்தலின் முதுகில் அச்சடித்திருக்கும் அட்டவணையும் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை, 25 பாகை, 37 பாகை என்றே இறங்கிக்கொண்டு போகும். மார்கழி மழையிலும் இருபது பாகைக்குக் கீழே இறங்க யோசிக்கும் அம்பாறைக் கரையில் அந்த அட்டவணையைப் படிப்பவருக்கு, இது நமக்கான சாமான் இல்லை என்று தோன்றுவது இயல்பு. பச்சைப் போத்தலைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக் கிணற்றில் வாளியைப் போடுகிறார். பிழை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்தத் திரவம் பிறந்தது குளிருக்காகத்தான், அதில் ஐயமில்லை. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய ஒன்பது வீதம் பருக்கிறது. இறுக மூடிய வார்ப்பிரும்புக்குள் அது பருத்தால் இரும்பு பிளக்கும். ஆரம்ப கால மோட்டார் வண்டிகளில் இதைத் தடுக்க மெதனோல் போன்ற மதுசாரங்களைத் தண்ணீரோடு கலந்தார்கள். அவை விரைவில் ஆவியாகிவிடும். குளிர்காலம் முடிவதற்குள் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டிவரும். பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1856ஆம் ஆண்டே தயாரித்துக் காட்டியிருந்த எதிலீன் கிளைக்கோல் என்ற பிசுபிசுத்த, நிறமற்ற திரவம் 197 பாகையில்தான் கொதிக்கும். அதனால் அது ஆவியாகாமல் நிற்கும். 1927இல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் அது கடைக்கு வந்தபோது மதுசாரத்தின் காலம் முடியத் தொடங்கியது.

எவ்வளவு கலப்பது என்ற பாடத்தை ஆகாய விமானங்கள் நன்றாகக் கற்றுக்கொடுத்தன. ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற மெர்லின் இஞ்சின் முதலில் நூற்றுக்கு நூறு கிளைக்கோலோடு ஓடியது. அதிக வெப்பத்தில் கொதிக்காமல் நிற்கும், ஆகவே ரேடியேட்டரைச் சிறிதாக்கலாம் என்பது கணக்கு. ஆனால் சுத்தக் கிளைக்கோல் வெப்பத்தைச் சுமப்பதில் சோம்பேறி, மூட்டுகளில் கசியும், தீயும் பிடிக்கும். பிந்திய மெர்லின்களில் எழுபது பங்கு தண்ணீரும் முப்பது பங்கு கிளைக்கோலும் கலந்து, அழுத்தத்தில் அடைத்து ஓட்டினார்கள். இஞ்சின் நீண்டகாலம் உழைத்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எழுந்த ஹரிகேன் விமானங்களின் மூக்கில் இருந்ததும் மெர்லின்தான். எழுபதுக்கு முப்பது என்ற அந்தக் கணக்கு வெப்ப நாட்டுக் காருக்கும் இன்றுவரை நினைவில் வைத்திருக்கத் தக்கது.

ஏன் என்று பார்க்கலாம். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச மலிவான வேறு திரவம் இல்லை. எடைக்கு எடை பார்த்தால், பாதிக்குப் பாதி கலவை தண்ணீரைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தை ஏந்தும். சுத்தக் கிளைக்கோல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக ஏந்தும். போதாததற்கு அது தடித்தது. அறை வெப்பநிலையில் தண்ணீரைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் பிசுபிசுப்பு. வோட்டர் பம்ப் தள்ளப் பாடுபட வேண்டும். “நல்ல சாமான், கலக்காமல் அப்படியே ஊற்று” என்று காசு செலவழித்து நான்கு லீற்றர் கெட்டிக் கூலன்ட்டை நிரப்புகிறவரின் கார், தண்ணீர் கலந்து ஊற்றியவரின் காரைவிடச் சூடாகவே ஓடும். உறைபனியிலும் அது தோற்கும். பாதிக் கலவை பூச்சியத்துக்குக் கீழே 37 பாகை வரை உறையாது. கலக்காத கிளைக்கோல் பூச்சியத்துக்குக் கீழே 13 பாகையிலேயே கட்டியாகிவிடும்.

கொதிநிலைப் பேச்சும் அவ்வளவுதான். திறந்த பாத்திரத்தில் பாதிக் கலவை 107 பாகையளவில் கொதிக்கும், தண்ணீர் 100இல். ஏழு பாகை வித்தியாசம். ஆனால் ரேடியேட்டர் திறந்த பாத்திரமில்லை. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். 1.1 என்றிருந்தால், உள்ளே அழுத்தம் அந்த அளவுக்கு ஏறும்வரை மூடி வழிவிடாது என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 122 பாகை வரை கொதிக்காது. பாதிக் கலவை 130ஐ நெருங்கும். அதாவது கொதிக்காமல் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அந்தச் சின்ன மூடிக்கும் அதன் ரப்பர் வளையத்துக்கும்தான். வளையம் வெடித்த மூடியோடு எந்த நாட்டுக் கூலன்ட்டை ஊற்றினாலும் மகியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவு ஏறும்போது பொங்கும். கண்டிக்குப் போகும் வழியில் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் வாகனங்களில் சிலவற்றுக்காவது புதிய மூடி ஒன்றே மருந்தாக இருக்கும்.

அப்படியானால் பனியுமில்லை, கொதிநிலைக்கும் மூடியே போதும் என்றால், இந்தக் கரையில் பச்சைப் போத்தல் எதற்கு? துருவுக்கு. அந்தப் போத்தலில் கிளைக்கோல் தவிரச் சில வீதம் மட்டுமே இருக்கும் தடுப்பு மருந்துகள்தான் நமக்கு வேண்டியவை. இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயப்பற்று என்று பல உலோகங்கள் ஒரே சூடான தண்ணீரில் கிடக்கும் இடம் ரேடியேட்டர். பற்றறிக்குள் நடப்பதற்கு நெருங்கிய ஒன்று அங்கேயும் நடக்கும். ஒரு உலோகம் இன்னொன்றைத் தின்னும். தடுப்பு மருந்து அந்த உலோகங்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலைப் படரவிடுகிறது. வோட்டர் பம்பின் சீலுக்கு வழுவழுப்பும் தருகிறது.

“எங்கட வாப்பா மொரிஸ் மைனருக்கு முப்பது வருஷம் கிணத்துத் தண்ணிதான் ஊத்தினார்” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மொரிஸ் மைனரின் புளொக்கும் ஹெட்டும் தடித்த வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், குழாய்கள் அகலம். துரு அதைத் தின்னப் பல ஆண்டுகள் பிடித்தன. அடைத்துக்கொண்டாலும் ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தட்டை உருக்கி எடுத்து, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைத்துத் தர ஊரிலேயே ஆள் இருந்தார். இன்றைய ஜப்பானியச் சிறுகாரில் ஹெட் அலுமினியம், பெரும்பாலும் புளொக்கும் அலுமினியம். ரேடியேட்டர் குழாய்கள் தாளைப்போல் மெல்லியவை. இரு ஓரத்திலும் பிளாஸ்டிக் தொட்டி. அதைக் கம்பி விட்டுக் குத்த முடியாது. அடைத்தால் மாற்றத்தான் வேண்டும். ஹெட்டில் அரிப்பு விழுந்தால் கேஸ்கட் போகும். கேஸ்கட் போனால் தண்ணீரும் ஒயிலும் கலந்து, பால்தேநீர் நிறத்தில் ஒயில்மூடியில் வந்து நிற்கும். அப்போது கணக்கு ஆயிரங்களில் நிற்காது.

இலங்கையில் இந்தக் கணக்குக்கு இன்னொரு கனமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் இருக்கிற வண்டியை வைத்தே நாடு ஓடியது. 2022இல் எரிபொருள் இல்லாமல் எத்தனையோ கார்கள் மாதக்கணக்கில் முற்றத்தில் அசையாமல் நின்றன. தடுப்பு மருந்து தீர்ந்த தண்ணீர் உள்ளே நிற்க, கார் வெளியே நிற்பது ஓடுவதைவிடக் கேடு. இன்று பத்து, பதினைந்து வயதான கார் ஒன்றை விலை பேசப் போகிறவர், பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் அந்த மூடியைத் திருப்பிப் பார்ப்பது புத்தி.

இனித் தண்ணீருக்கு வருவோம். கலவையில் பாதி, அல்லது பாதிக்கு மேல், தண்ணீர்தான். போத்தலின் பெயரைப் பற்றி ஒரு மணிநேரம் வாதிடுகிறவர்கள் தண்ணீரைப் பற்றி ஒரு நிமிடமும் பேசுவதில்லை. கல்முனைக் கரையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு அதுதான்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் வயலுமாக, நடுவே நீண்டு கிடக்கும் மணல்மேட்டில் அமைந்த ஊர்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனத்த உவர்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து கிடக்கிறது. அந்தப் படலத்திலிருந்துதான் கிணறுகள் நீர் எடுக்கின்றன. மாரியில் அது தடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மெலியும். அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். 2004 டிசம்பர் 26இல் கடல் நேராகவே கிணறுகளுக்குள் இறங்கியது. அவற்றைச் சுத்தப்படுத்தும் அவசரத்தில் மீண்டும் மீண்டும் இறைத்தபோது சில இடங்களில் உவர் இன்னும் மேலேறிய அனுபவமும் கிழக்குக் கரைக்கு உண்டு. சொறிக்கல்முனை கடலிலிருந்து சற்று உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அதன் கிணறுகளின் குணம் வேறாக இருக்கலாம். இந்தப் பகுதியில் தண்ணீர் கிணற்றுக்குக் கிணறு மாறும். பக்கத்து வளவில் தேநீர் நன்றாக வரும், நம் வளவில் வராது என்று பெண்கள் சொல்வது அறிவியல்தான்.

கேடு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று கடினத்தன்மை. கல்சியமும் மக்னீசியமும் சூடுபட்ட இடத்தில் பொருக்காகப் படியும். தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான். இஞ்சினில் அது பிடிப்பது மிகச் சூடான இடத்தில், அதாவது வெப்பத்தை அவசரமாக வெளியேற்ற வேண்டிய இடத்திலேயே. சுவரில் படிந்த மெல்லிய பொருக்கும் உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே கம்பளி போர்த்தியது மாதிரி.

மற்றது குளோரைட், அதாவது உப்பு. அலுமினியத்தின் மேலிருக்கும் காப்புத் தோலை அது ஊசியால் குத்துவதுபோலத் துளைக்கும். மேலே ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே குழி ஆழமாகப் போயிருக்கும்.

இங்கே இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, ஒரு லீற்றரில் 250 மில்லிகிராம் வரை குளோரைட்டை அனுமதிக்கிறது. மனித உடலுக்கு அதனால் தீங்கில்லை. கேட்டர்பில்லர் நிறுவனம் தன் டீசல் இஞ்சின்களின் குளிர்நீருக்கு வைத்திருக்கும் எல்லையோ 40 மில்லிகிராம். கடினத்தன்மைக்கும் அப்படியே: குடிநீருக்கு 250, இஞ்சினுக்கு 170. சட்டப்படி நல்ல குடிநீர் என்று சான்று பெற்ற தண்ணீரும் இஞ்சினுக்கு உரிய எல்லையை ஆறு மடங்கு தாண்டியிருக்கலாம். மெக்கானிக் காக்கா சொன்னது இதைத்தான்.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைட் உண்டு. ஆகவே ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் இரண்டு மில்லிலீற்றர், அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான கடல்நீர் சேர்ந்தாலே 40 என்ற எல்லை வந்துவிடும். அந்த அளவு உப்பை நாக்கு கண்டுபிடிக்காது. பெரும்பாலோருக்கு 250ஐ நெருங்கும்போதுதான் கரிப்பு தெரியத் தொடங்கும். நாக்கை நம்பி ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்குத் தேவையில்லை.

காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றினால் போதும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சினால் கடினத்தின் ஒரு பகுதி கேத்தலில் தங்கும். உப்பு எங்கும் போகாது. தண்ணீர் வற்றிய அளவுக்கு அது இன்னும் செறியும். வேண்டியது காய்ச்சி வடித்த நீர், ஆவியாக்கி மறுபடி நீராக்கியது. பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது அது வெறும் தண்ணீர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். பற்றறி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் அதே தட்டில் நிற்கும். உப்பு நீக்கும் ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரும் சரிவரும். மாரி மழையில், கூரை நன்றாகக் கழுவுப்பட்ட பிறகு பிடித்து, துணியில் வடித்த நீர் கிணற்று நீரைவிடப் பல மடங்கு மேல். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் ஏறக்குறைய வடித்த நீர்தான். ஆனால் செம்புக் குழாயையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருகிறது, அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். குழாய் நீர் கரையோரக் கிணற்றைவிட நல்லதாக இருக்க வாய்ப்புண்டு, என்றாலும் வழமையாக ஊற்ற அதுவும் ஏற்றதல்ல. ஐந்து லீற்றர் வடித்த நீரின் விலையை ஒரு ரேடியேட்டரின் விலையோடு ஒப்பிடவே தேவையில்லை.

பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறச் சண்டையைச் சுருக்கமாக முடிக்கலாம். கிளைக்கோலுக்கு நிறமில்லை, நிறம் என்பது நிறுவனம் சேர்க்கும் சாயம். இந்த நிறம் இந்த வகை என்று உலகத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. உள்ளிருக்கும் தடுப்பு மருந்துதான் வகை. பழைய பச்சை வகையில் சிலிக்கேற்று, பொஸ்பேற்று போன்ற உப்புகள். அவை விரைவாகக் காக்கும், விரைவாகத் தீரும், இரண்டு ஆண்டு என்பது பொதுக்கணக்கு. 1990களின் நடுவிலிருந்து பரவிய வகையில் சேதன அமிலங்கள். மெதுவாக வேலை செய்யும், நீண்டநாள் நிற்கும். இரண்டையும் சேர்த்த கலப்பு வகைகளும் உண்டு. ஐரோப்பிய நிறுவனங்கள் பொதுவாகப் பொஸ்பேற்றை விரும்புவதில்லை, காரணம் அவர்கள் நாட்டுக் கடின நீர். ஜப்பானியர்கள் சிலிக்கேற்றை விலக்கினார்கள், காரணம் வோட்டர் பம்ப் சீலின் தேய்வு. அவர்கள் தேர்ந்தது பொஸ்பேற்றும் சேதன அமிலமும்.

இதில் நம் கரைக்கு ஒரு செய்தி மறைந்திருக்கிறது. இங்கே ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானியக் கார்கள்; அவற்றுக்கு உரியது பொஸ்பேற்று உள்ள கூலன்ட். பொஸ்பேற்றும் கடின நீரில் உள்ள கல்சியமும் சந்தித்தால் கரையாத வெண்படிவாக விழும். கல்சியம் பொருக்காகும், தடுப்பு மருந்தும் அதோடு சேர்ந்து அடியில் போய்ப் படுத்துவிடும். விலை கொடுத்து வாங்கிய அசல் ஜப்பான் சாமானைக் கிணற்றுத் தண்ணீரில் கலப்பவர், இரண்டையும் ஒருசேரக் கெடுக்கிறார். ஐரோப்பியனின் பயம் இங்கே நம் வளவுக் கிணற்றடியில் உண்மையாகிறது.

ஆகவே வாங்கும்போது நிறத்தைக் கேட்காமல், காரின் கையேட்டில் சொன்ன வகையைக் கேட்க வேண்டும். டொயோட்டாவின் இளஞ்சிவப்புச் சுப்பர் லோங் லைஃப் கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்தே வருகிறது. அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. முதல் தடவை 160,000 கிலோமீற்றர், பிறகு ஒவ்வொரு 80,000 கிலோமீற்றருக்கும் மாற்றலாம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. ஆனால் இடையில் யாரோ ஒருவர் கிணற்றுத் தண்ணீரைச் சேர்த்திருந்தால் அந்தக் கணக்கு அன்றோடு செல்லாது. ப்ரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் இஞ்சினுக்கு ஒன்று, இன்வேர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு தொட்டிகள் இருக்கும். இஞ்சின் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போனட்டை மூடுபவர்கள் பலர். மற்றதில் குறைந்தால் வரும் செலவு இன்னும் பெரிது.

மலிவுப் போத்தல் ஒன்றும் சந்தையில் உண்டு: கூலன்ட் என்று எழுதியிருக்கும், பச்சையாகவும் இருக்கும், கிளைக்கோல் சொற்பம் அல்லது இல்லவே இல்லை. இதை முழுமோசடி என்று தள்ள முடியாது. கிளைக்கோல் இல்லாமல் துருத்தடுப்பை மட்டும் தரும் வகை முறைப்படியே உள்ளது. அவுஸ்திரேலியத் தரவிதியில் கிளைக்கோல் உள்ளது ஏ வகை, துருத்தடுப்பு மட்டும் உள்ளது பி வகை என்று பிரித்தே வைத்திருந்தார்கள். பனி விழாத ஊருக்குப் பி வகை போதுமே என்று கேட்டால், நேர்மையான தயாரிப்பாக இருந்தால், பழைய இரும்பு இஞ்சினுக்குப் போதும். புதிய அலுமினிய இஞ்சினுக்குக் கையேடு கேட்பதைக் கொடுப்பதே சரி. உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தரத்துக்கு ஏற்றது என்று எதுவும் எழுதாத போத்தலில் காசு கொடுத்து வாங்குவது சாயத்தைத்தான்.

அளவு எவ்வளவு? ஜப்பானிலேயே சாதாரண பகுதிகளுக்கு 30 வீதம், குளிர்ப் பகுதிகளுக்கு 50 வீதம் என்பது வழக்கம். முப்பதுக்குக் கீழே போனால் தடுப்பு மருந்து மெலிந்து காவல் தளரும். அறுபதுக்கு மேலே போனால் வெப்பம் சுமக்கும் வலு குறையும். கல்முனை, சொறிக்கல்முனைக் காருக்கு 30இலிருந்து 50க்குள் எங்கு நின்றாலும் சரி. 40 நல்ல இலக்கு. தைமாதத்தில் நுவரெலியாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனாலும் கவலையில்லை. அங்கே புல்லில் உறைபனி படியும் விடியலுக்கு 30 வீதமே தாராளம். அது பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையளவு வரை தாங்கும்.

ஆனால் காகிதத்தில் போடும் வீதம் வேறு, ரேடியேட்டருக்குள் உண்மையில் நிற்கும் வீதம் வேறு. ஐந்து லீற்றர் பிடிக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பழையதை வடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடி வடித்தாலும் புளொக்குக்குள் இரண்டு லீற்றர் தண்ணீர் தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது பாதிக்குப் பாதி கலந்து வந்த போத்தலை ஊற்றினால் மூன்று லீற்றர்தான் இறங்கும். அதில் கிளைக்கோல் ஒன்றரை லீற்றர். ஐந்தில் ஒன்றரை, அதாவது 30 வீதம். பாதிக் கலவை ஊற்றினேன் என்று நினைப்பவரின் காரில் உண்மையில் இருப்பது எல்லைக்கோட்டுக் கலவை. அடுத்த மாதம் ஹோஸ் கசிந்து ஒரு லீற்றர் குறைய, வெறும் தண்ணீரை ஊற்றினால் 24 வீதம். இன்னொரு தடவை அப்படிச் செய்தால் இருபதுக்கும் கீழே. கழுவிய காருக்குக் கெட்டிக் கூலன்ட்டை வாங்கி, முதலில் பாதிக் கலவைக்குத் தேவையான இரண்டரை லீற்றரை ஊற்றிவிட்டு, மிச்ச இடத்தை வடித்த நீரால் நிரப்புவது இதனால்தான் நல்லது. கடைசிக் கழுவலையும் வடித்த நீரிலேயே செய்ய வேண்டும். புளொக்குக்குள் தங்குவது அந்தத் தண்ணீர்தான். டிக்கியில் கிடக்கும் தண்ணீர்ப் போத்தலுக்குப் பதில், கலந்து வைத்த ஒரு லீற்றர் கலவையைப் போட்டு வைத்தால் வழியில் நிரப்பும்போது வீதம் குலையாது.

ஊற்றியது சரிதானா என்று அளக்கவும் வழியுண்டு. ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீற்றர் ஒரு கராஜுக்குப் பெரிய செலவில்லை. அது காட்டுவது உறைநிலையை. நமக்கு அது தேவையில்லை என்றாலும் அதிலிருந்து வீதம் தெரிந்துவிடும். பூச்சியத்துக்குக் கீழே 15 காட்டினால் முப்பது வீதம், 37 காட்டினால் ஐம்பது.

வயல் இயந்திரங்களைப் பேசாமல் இந்தப் பகுதியின் கதை முடியாது. லாண்ட்மாஸ்டர்களில் பல, ரேடியேட்டர் இல்லாமல் திறந்த தொட்டியோடு வருபவை. தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் இஞ்சினைக் குளிர்விக்கிறது. வாய்க்கால் நீரை அள்ளி ஊற்றி உழுவது வழமை. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பும் சுண்ணாம்பும் வண்டலும் தொட்டியிலேயே தங்கும். ஐந்து லீற்றர் தொட்டிக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் ஊற்றினால், இருபது நாளில் இருபது மடங்கு உப்பு சேர்ந்திருக்கும். கொதித்து வற்றும் தொட்டிக்குக் கூலன்ட் கட்டாது. வாரத்துக்கு ஒருமுறை முழுவதையும் வடித்துக் கழுவிப் புதுநீர் விடுவதுதான் அதற்கு வைத்தியம். அறுவடை மெசின்களின் கதை வேறு. மாசியிலும் பங்குனியிலும் வயலில் நிற்கும் அந்தப் பெரிய இயந்திரங்கள் சூடேறிப் போனால், கூலன்ட்டை விசாரிப்பதற்கு முன் ரேடியேட்டரின் முன்வலையைப் பார்க்க வேண்டும். பதரும் வைக்கோல் தூளும் போர்வையாக மூடியிருக்கும். காற்றால் ஊதி எடுக்கும் ஐந்து நிமிட வேலை.

கராஜ்களில் இன்னும் நிற்கும் ஒரு வழக்கத்தைத் துணிந்து மறுக்க வேண்டும்: சூட்டு நாடு, தேர்மோஸ்டாட் தேவையில்லை என்று கழற்றி எறிவது. 82 பாகையளவில் திறக்கும் அந்தச் சிறு வாயில் இல்லாவிட்டால் இஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர நேரமெடுக்கும். பெற்றோல் கூடக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில இஞ்சின்களில் அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றி, நெரிசலில் இன்னும் சூடேறும். தேர்மோஸ்டாட்டைக் கழற்றித்தான் கார் ஓடுகிறது என்றால், அடைத்த ரேடியேட்டர் ஒன்று மறைந்து நிற்கிறது என்று அர்த்தம். பொங்கிய இஞ்சினில் உடனே மூடியைத் திறப்பதும், பச்சைத் தண்ணீரை அதன் மேல் வாரி இறைப்பதும் இதைவிட மோசம். முன்னது முகத்தை வேகவைக்கும். பின்னது ஹெட்டை வெடிக்க வைக்கும். அரை மணிநேரம் மரநிழலில் நிறுத்துவதற்கு ஈடான மருந்து எதுவுமில்லை.

எதிலீன் கிளைக்கோல் இனிக்கும். இதை எல்லா வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது நஞ்சு. வளர்ந்த ஒருவரைக் கொல்ல ஏறக்குறைய நூறு மில்லிலீற்றர் போதும். குழந்தைக்கு அதில் மிகச் சிறுபங்கு. குடித்தவர் முதலில் வெறித்தவர்போலத் தள்ளாடுவார். சில மணிநேரத்தில் அது உடலுக்குள் ஒட்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாக அடைக்கும். 2022இல் காம்பியாவில் இருமல் மருந்துகளில் கலந்து எழுபது குழந்தைகள் வரை பலியெடுத்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தபோது சுட்டிக்காட்டியது இதையும் இதன் உறவான டைஎதிலீன் கிளைக்கோலையும்தான். நம் வீடுகளில் மிச்சக் கூலன்ட் சோடாப் போத்தலில் அடைத்து அலுமாரிக்குக் கீழே நிற்கிறது. பச்சையும் சிவப்பும் பிள்ளைகளுக்குச் சர்பத்தாகவே தெரியும். வந்த போத்தலிலேயே, எட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

வடித்தெடுத்த பழைய கூலன்ட்டில் கிளைக்கோலோடு இஞ்சினிலிருந்து கரைந்த செம்பும் ஈயமும் இருக்கும். அதை முற்றத்து மணலில் ஊற்றினால் அது போய்ச் சேரும் இடம் சில அடி கீழே மிதக்கும் அந்த மெல்லிய நன்னீர்ப் படலம். ஆட்டுக்கு எட்டும் இடத்திலும் திறந்து வைக்காதீர்கள். மூடியுள்ள கேனில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கேட்டு ஒப்படையுங்கள். கிணற்றடியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.